நீம் நகரத்து மேசொன் காரே: தூண்கள் ஏன் சுவரோடு ஒட்டியிருக்கின்றன?

தெற்கு பிரான்சின் நீம் நகரத்தில் இருக்கும் மேசொன் காரே கோயிலைப் படத்தில் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பார்ப்பதற்கு அசல் கிரேக்கக் கோயில் மாதிரியே இருக்கிறதே, இதை ஏன் ரோமானியக் கோயில் என்கிறார்கள்? முன்பக்கம் தனித்தனியாக நிற்கும் தூண்கள் பக்கவாட்டில் போனதும் சுவரோடு ஒட்டிக்கொள்வது ஏன், கட்டியவர்களுக்குப் பணம் தீர்ந்துவிட்டதா? இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் இது மட்டும் எப்படி முழுசாக நிற்கிறது?

பணம் தீரவில்லை. அந்த நடுக் கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும். அதனால் தூண்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மொத்தம் 30 தூண்கள். முகப்பில் 6. மூலைத் தூணையும் சேர்த்து எண்ணினால் ஒவ்வொரு பக்கமும் 11. இவற்றில் உண்மையிலேயே தூணாக நிற்பவை 10 மட்டும்தான்: முகப்பில் இருக்கும் ஆறும், அவற்றுக்குப் பின்னால் இடப்பக்கம் இரண்டும் வலப்பக்கம் இரண்டும். மீதி 20-ம் அரைத்தூண்கள். கருவறைச் சுவரிலிருந்து பாதி உருளை மட்டும் வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். நெடுக்குப் பள்ளங்கள், அகந்தஸ் இலைகள் விரியும் கொரிந்தியத் தலைப்பு, அடியில் வளையங்கள் என்று முகப்புத் தூணுக்கு உள்ள அலங்காரம் அத்தனையும் இவற்றுக்கும் உண்டு. ஆனால் முன்மண்டபத்துத் தூண்கள் மாதிரி தனியாக நின்று கூரையைத் தாங்கும் வேலை இவற்றுக்குக் கிடையாது. அதைச் சுவர் பார்த்துக்கொள்கிறது.

கிரேக்கர்கள் கட்டியிருந்தால் சுவரைச் சுற்றி நாலு பக்கமும் நடக்கும்படி இடைவெளி விட்டு முழுத் தூண்களை நிறுத்தியிருப்பார்கள். ஏதென்ஸின் பார்த்தெனான் அப்படித்தான். கிரேக்கக் கோயிலை எந்தத் திசையிலிருந்து நெருங்கினாலும் சரி, சுற்றிலும் படிகள், சுற்றிலும் தூண்கள். நீமில் அந்தச் சுற்று நடைக்கான இடத்தையும் கருவறைக்கே கொடுத்துவிட்டார்கள். சுவரை வெளியே தள்ளித் தூண் வரிசையைத் தொடவைத்தார்கள். உள்ளே அறை அகலமானது, வெளியே தூண் வரிசையின் தோற்றமும் கெடவில்லை. ஒரே அளவு மேடையில் இரண்டையும் சாதித்திருக்கிறார்கள். சிக்கனம் என்று சொல்வதானால் இந்த அர்த்தத்தில் சொல்லலாம்.

இது நீமில் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. ரோம் நகரில் டைபர் ஆற்றங்கரையில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், போர்த்துனுஸ் கோயில் என்று ஒன்று இன்னும் நிற்கிறது. மேசொன் காரேக்குச் சுமார் எண்பது வருடமாவது மூத்தது, அளவில் சிறியது. முகப்பில் 4 தூண்கள்தான், அதுவும் எளிமையான அயோனிய வகை. அங்கேயும் இதே கதை: முன்மண்டபத்தில் முழுத் தூண், அதற்குப் பின்னால் அரைத்தூண். இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில தலைமுறைகளில் ரோமானியர்களின் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பது தெரியும்.

ஆக, உடுப்பு கிரேக்கம், உடம்பு இத்தாலி. அந்த உடம்பு ரோமானியர்களுக்கு அவர்களின் அண்டை வீட்டாரான எட்ருஸ்கர்களிடமிருந்து வந்தது. உயரமான மேடை, ஒரே பக்கம் படிக்கட்டு, ஆழமான முன்மண்டபம், பின்னால் மூடிய கருவறை என்ற அமைப்பு அவர்களுடையது. மேசொன் காரேயின் மேடை 2.85 மீட்டர் உயரம். நம் தலைக்கும் மேலே போய்விடும் என்பதால், பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு அது ஏற முடியாத மதில். ஏற ஒரே வழி முன்னால் இருக்கும் படிக்கட்டு. அதில் 15 படிகள். ஒற்றைப்படையில் இருப்பது தற்செயல் இல்லை. அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ் இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்: முதல் படியில் வலது காலை வைத்து ஏறுபவர், மேலே மேடையிலும் வலது காலையே வைக்க வேண்டும், அதனால் படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். வலது காலை எடுத்து வைத்து நுழைவது நமக்கு மட்டும் சொந்தமான வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மேலே போனால் முன்மண்டபம். கட்டடத்தின் நீளம் சுமார் 26 மீட்டர், அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இந்தத் திறந்த மண்டபமே எடுத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் 6.87 மீட்டர் உயர வாசல். அவ்வளவு பெரிய வாசலைத் தாண்டி உள்ளே போனால் சன்னல் இல்லாத ஒரே அறை, அவ்வளவுதான். பலர் ஏமாந்துபோவது இந்த இடத்தில். ஆனால் ரோமானியக் கோயிலின் உட்புறம் பக்தர்கள் கூடும் இடம் கிடையாது. அது தெய்வத்தின் சிலை குடியிருக்கும் அறை, காணிக்கைப் பொருள்களைப் பத்திரப்படுத்தும் அறை. பலி கொடுக்கும் பீடம் வெளியே, வானத்துக்குக் கீழே இருக்கும். கூட்டம் நிற்பதும் வெளியேதான். பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் அந்தப் படிகளில் நின்றால் கீழே சதுக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரிவார்கள். கோயில் முழுவதும் முன்பக்கத்துக்காகவே யோசிக்கப்பட்டிருக்கிறது. பார்வை எங்கே விழுமோ அங்கே முழுத் தூண், மற்ற இடத்தில் தூணின் சாயல் போதும் என்பது இந்த யோசனையின் தொடர்ச்சி.

அந்தச் சதுக்கம்தான் ஊரின் ஃபோரம். கடை, வழக்கு, பஞ்சாயத்து எல்லாம் அங்கே. கோயில் அதன் தெற்கு ஓரத்தில், வடக்குப் பார்த்து நின்றது. இரண்டு பக்கமும் தூண் வரிசைத் தாழ்வாரங்கள் ஓடின. ஃபோரத்தில் எங்கே நின்று பேரம் பேசினாலும் கண்ணை நிமிர்த்தினால் இந்த முகப்பு தெரியும். இன்றைக்குக் கோயில் தனியாக, நாலு பக்கமும் சுற்றிவரக்கூடிய மாதிரி நிற்பதால்தான் உங்களுக்கு அரைத்தூண்கள் உறுத்தியிருக்கின்றன. அன்றைய ஆளுக்கு அந்தக் கோணமே முக்கியமாக இருந்திருக்காது.

இப்போது யாருக்காகக் கட்டினார்கள் என்பதற்கு வருகிறேன். நீங்கள் நேராகக் கேட்கவில்லை என்றாலும், இந்தக் கோயிலைப் பற்றிய மிகச் சுவையான பகுதி இதுதான், விட மனசில்லை.

முகப்புத் தூண்களுக்கு மேலே ஒரு காலத்தில் வெண்கல எழுத்துகளில் ஒரு வாசகம் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஆணி மாதிரி முளைகள் இருக்கும். கல்லில் துளை போட்டு, முளையைச் செருகி, ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்குவார்கள். பின்னாளில் வெண்கலத்துக்கு ஆசைப்பட்டு எழுத்துகளை யாரோ பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது துளைகள் மட்டும். கீழே இருந்து பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். பல நூற்றாண்டுகள் இதை யாராலும் படிக்க முடியவில்லை. பேரரசர் ஹேட்ரியன், பிளோத்தினா அரசிக்காக நீமில் எழுப்பிய மண்டபம் இதுதான் என்று நம்பியவர்கள்கூட உண்டு.

1758-ல் அந்த ஊர்க்காரர் ழான் பிரான்சுவா செகியே சாரம் கட்டி மேலே ஏறினார். தாவரவியலும் வானியலும் பழங்கல்வெட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த காலம் அது. இத்தாலியின் வெரோனாவில் நெடுநாள் தங்கிக் கல்வெட்டுகளோடு பழகியவர். ஒவ்வொரு துளையையும் அதன் சரியான இடத்தில் காகிதத்தில் பதிவுசெய்துகொண்டார். அப்புறம்தான் தலைவலி. வார்ப்பவர் தன் வசதிப்படி முளையை வைத்திருப்பார் என்பதால், ஒரே எழுத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே அமைப்பில் துளைகள் இருக்காது. ரோமானியக் கல்வெட்டுகள் எந்தச் சொற்களை எந்த வரிசையில், எப்படிச் சுருக்கி எழுதும் என்ற பழக்கம் இருந்தால்தான் இந்தப் புதிரை அவிழ்க்க முடியும். செகியேயிடம் அது இருந்தது. துளைகளைத் தொட்டுத் தொட்டு எழுத்துகளை நிறுத்தி, கடைசியில் வாசகத்தைப் படித்தார். மேல்வரியின் பொருள்: "அகஸ்டஸின் மகன், கான்சல் காயுஸ் சீசருக்கு, அகஸ்டஸின் மகன், கான்சலாக நியமிக்கப்பட்ட லூசியுஸ் சீசருக்கு." கீழ்வரி: "இளைஞர்களின் தலைவர்களுக்கு." அகஸ்டஸ் ரோமின் முதல் பேரரசர். கான்சல் என்பது அங்கே மிக உயர்ந்த ஆட்சிப் பதவி.

இதற்கு முன்பே அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா பெயரில் வேறொரு வாசகம் இருந்தது என்று பின்னாளில் சிலர் வாதிட்டார்கள். அதை வைத்துக் கட்டடத்தைச் சில ஆண்டுகள் முன்னால் தள்ளுவார்கள். என்னைக் கேட்டால் செகியே படித்ததே நிற்கிறது. தலைப்புகளிலும் பக்கவாட்டுப் பட்டையில் ஓடும் கொடிவேலைப்பாட்டிலும் உள்ள செதுக்கல், ரோமில் அகஸ்டஸின் பிற்காலத்தில் செய்த வேலைகளோடு ஒத்துப்போகிறது. கி.மு. 9-ல் அர்ப்பணித்த அமைதிப் பீடத்தில் இருக்கும் அதே சுருள் கொடியை இங்கே நீம் வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லில் பார்க்கலாம்.

காயுஸும் லூசியுஸும் யார்? அகஸ்டஸுக்கு ஆண் வாரிசு கிடையாது. ஒரே மகள் யூலியா. அவளைத் தன் வலதுகையாக இருந்த அக்ரிப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார். அவர்களுக்குக் கி.மு. 20-ல் காயுஸ் பிறந்தான், கி.மு. 17-ல் லூசியுஸ். தாத்தா அந்த ஆண்டே இருவரையும் தத்தெடுத்துக்கொண்டார். பேரன்கள் மகன்களானார்கள். மீசை முளைப்பதற்கு முன்பே பட்டங்கள் குவிந்தன. பேரரசு முழுவதற்கும் சேதி தெளிவு: எனக்குப் பிறகு இவர்கள்தான்.

நடந்தது வேறு. கி.பி. 2-ல் ஸ்பெயினுக்குப் போகிற வழியில் மார்செய்யில் லூசியுஸ் இறந்தான். நீமுக்குப் பக்கத்து ஊர் என்றே சொல்லலாம். அர்மீனியப் போரில் காயம்பட்ட காயுஸ், கி.பி. 4-ல் இன்றைய துருக்கியின் தெற்குக் கரையில் இறந்தான். முடி கடைசியில் திபேரியுஸின் தலைக்குப் போனது. கோயில் வாசகத்தில் காயுஸ் "கான்சல்", லூசியுஸ் இன்னும் "நியமிக்கப்பட்டவர்". காயுஸ் கான்சலானது கி.பி. 1-ல். லூசியுஸ் அந்தப் பதவியில் உட்காராமலே போய்விட்டான். அதனால் அர்ப்பணிப்பு அந்தச் சில ஆண்டுகளுக்குள் அல்லது அதை ஒட்டி நடந்திருக்க வேண்டும். பையன்கள் உயிரோடிருந்தபோதா, போன பிறகா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

இந்த இரண்டு பையன்களை நம் ஊர் மண்ணும் அறியும். கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுக் குவியல்களில் அதிகம் காணப்படும் இரண்டு வகைகளில் ஒன்று, ஒரு பக்கம் அகஸ்டஸ் தலையும் மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் காயுஸ், லூசியுஸ் உருவங்களும் கொண்டது. இன்னொன்று திபேரியுஸின் காசு. முதல் வகையைச் சுற்றி ஓடும் சுருக்கெழுத்தை விரித்தால் "அகஸ்டஸின் மகன்கள், நியமிக்கப்பட்ட கான்சல்கள், இளைஞர்களின் தலைவர்கள்" என்று வரும். நீம் கோயில் நெற்றியில் இருந்ததும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். அந்தக் காசுகளை அச்சடித்த லியோன் நகரமும் நீமுக்கு வடக்கே, ரோன் ஆற்றங்கரையில் இருக்கிறது. மிளகுக்கு விலையாகக் கப்பலேறிய காசு, வாரிசு விளம்பரத்தையும் கொங்கு நாடு வரை சுமந்து வந்துவிட்டது. பண்டைய சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் "அகஸ்டஸ் கோயில்" என்று, ரோமானியர் காலத்துச் சாலைகளைக் காட்டும் பியூட்டிங்கர் வரைபடம் ஒரு கட்டடத்தையே குறித்திருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து அதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. கிடைத்தால் அதற்கும் உயர்ந்த மேடையும் முன்பக்கப் படிக்கட்டும் இருக்கும் என்று பந்தயம் கட்ட எனக்கு ஆசைதான்.

நீம் ஏன் இவ்வளவு விசுவாசம் காட்டியது என்றால், அந்த ஊருக்கு அகஸ்டஸ் நிறையவே செய்திருந்தார். அப்போது ஊரின் பெயர் நெமௌசுஸ். அங்கே பொங்கும் ஊற்றின் தெய்வத்துக்கும் அதே பெயர். இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குப் போகும் தொமித்தியா நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே ஓடியது. அகஸ்டஸ் கொடுத்த மதில் சுமார் 6 கிலோமீட்டர் சுற்றளவு. ஊர் அச்சடித்த வெண்கலக் காசில் ஒரு பக்கம் அகஸ்டஸும் அக்ரிப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டி, மறுபக்கம் பேரீச்ச மரத்தில் சங்கிலியால் கட்டிய முதலை. எகிப்து வீழ்ந்ததற்கு அடையாளம் அது. நீம் நகரச் சின்னத்தில் இன்றும் அந்த முதலை இருக்கிறது.

எப்படி முழுசாக நிற்கிறது என்பதற்குப் பதில் சின்னது: ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை. பழைய கட்டடங்கள் இடிவதற்கு நிலநடுக்கத்தைவிடப் பெரிய காரணம் உரிமையாளர் இல்லாமல் போவது. கூரை ஒழுகினால் கேட்க ஆளில்லை, கல் பெயர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மேசொன் காரேக்கு அந்தக் கதி வரவில்லை. இடைக்காலத்தில் நகராட்சி அங்கே கூடியது. பிறகு தனியார் வீடானது, குதிரை லாயமானது. 1670-களில் அகஸ்தீனியத் துறவிகள் வாங்கி மாதா கோயிலாக்கினார்கள். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் இதைக் கல் கல்லாகப் பிரித்து வெர்சாய்க்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார் என்று சொல்வார்கள். நல்ல வேளை, நடக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மாவட்ட நிர்வாக அலுவலகம், ஆவணக் காப்பகம். 1823-ல் அருங்காட்சியகம். குதிரை கட்டியவரை இன்றைக்குத் திட்டலாம்தான், ஆனால் குதிரை நனையாமலிருக்கக் கூரை வேண்டுமே!

2006-க்குப் பிறகு சில ஆண்டுகள் பகுதி பகுதியாகக் கல்லைச் சுத்தம்செய்து பழுது பார்த்தார்கள். 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பான்ட் து கார் பாலம் 1985-லேயே அந்தப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. இத்தனைக்கும் அது இந்த நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டியதுதான்.

இந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கட்டியவை பல. அவற்றில் இரண்டு, உங்கள் தூண் கேள்விக்கு நல்ல விளக்கம். பாரிஸின் மத்லேன் மாதா கோயில் இதன் பெரிய அண்ணன் மாதிரி தெரியும். ஆனால் அங்கே அரைத்தூணை விட்டுவிட்டு நாலு பக்கமும் முழுத் தூண்களாக, 52-ஐ நிறுத்திவிட்டார்கள். பிரம்மாண்டம் கூடியது, கச்சிதம் போயிற்று என்பது என் எண்ணம். இன்னொன்று அமெரிக்காவின் ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றம். பிரான்சில் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், கிளெரிசோ என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து மேசொன் காரேயை மாதிரியாக வைத்து அதை வடிவமைத்தார். 1786-ல் சுண்ணச் சாந்தில் செய்த மாதிரியைக் கப்பலில் அனுப்பிவைத்தார். வேடிக்கை என்னவென்றால், அதுவரை அவர் நீமுக்குப் போனதே இல்லை, எல்லாம் அச்சிட்ட வரைபடங்களைப் பார்த்துத்தான். 1787 மார்ச்சில்தான் நேரில் போனார். காதலியைப் பார்க்கிற மாதிரி மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று தோழி ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

ரிச்மண்டில் அவர் செய்துகொண்ட மாற்றங்களைப் பாருங்கள். கொரிந்தியத் தலைப்பைச் செதுக்க ஆள் கிடைப்பது கடினம் என்று எளிய அயோனியத்துக்கு மாறினார். உள்ளே மனிதர்கள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமே, அதனால் சுவரில் சன்னல்கள் வந்தன. கருவறைக்குத் தேவைப்படாத வெளிச்சம் அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது. முன்பக்கம் மண்டபம் இருந்தும் ஏறிப் போக நேர்ப்படிக்கட்டு இல்லாமலே அந்தக் கட்டடம் நூறு வருடத்துக்கு மேல் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் படிகள் வைத்தார்கள். பூசாரியும் பலியும் இல்லாத இடத்தில் அந்தப் படிக்கட்டுக்கு வேலை இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை.

நேரில் போக வாய்ப்பு வந்தால் உள்ளே அதிக நேரம் செலவழிக்காதீர்கள். கதவு 1824-ல் போட்டது, முன்மண்டபத்துக் கூரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. வெளியே பக்கவாட்டுக்கு வந்து, கடைசி முழுத் தூணும் முதல் அரைத்தூணும் அடுத்தடுத்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்பக்கம் போகப் போக, தலைப்புகளின் இலைச் செதுக்கலைக் கவனியுங்கள். அப்புறம் முகப்புக்குத் திரும்பி, தூண்களுக்கு மேலே அந்தத் துளைகளைத் தேடுங்கள். எதிரே நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1993-ல் திறந்த கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது, கலைக்கூடமும் நூலகமும் சேர்ந்தது. கோயிலைவிட உயரமாகிவிடக் கூடாது என்று அதன் பல தளங்களை நிலத்துக்கடியில் வைத்துவிட்டார். முன்னால் மெல்லிய எஃகுத் தூண்கள் வரிசையாக நிற்கும். அதன் மேல்தளத்திலிருந்து பார்த்தால் கோயில் நன்றாகக் கண்ணுக்குப் படும்.